ராத்திரியில் எழுப்பும் கால் வலி

முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்: "என் மகனுக்கு 16 வயது. கபடி ஆடுவான். எட்டு மாதமாக வலது கரண்டைக்காலில் வலி. ஆடும்போது பிசகியிருக்கும் என்று நீவி விட்டோம், எண்ணெய்க் கட்டும் போட்டோம். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுகிறான். மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை போட்டால் அரை மணியில் தூங்கிவிடுகிறான். போன மாதம் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். டேலஸ் எலும்பில் நீர்கோத்த வீக்கம், காசநோயா கட்டியா என்று பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. காசநோய் மாத்திரையைத் தொடங்கிப் பார்க்கலாம் என்கிறார் ஒரு டாக்டர். கேன்சர் என்றால் காலை எடுத்துவிடுவார்கள் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். பீடி சுற்றிப் பிழைக்கிறேன். என்ன செய்யட்டும்?"

அம்மா, ராத்திரி எழுந்து உட்காருகிறான், மாத்திரை போட்டால் அரை மணியில் தூங்கிவிடுகிறான் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். அதை நீங்கள் பார்த்த மருத்துவர்களிடம் இவ்வளவு தெளிவாகச் சொன்னீர்களா என்று தெரியவில்லை. பெரும்பாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "எங்கே வலிக்கிறது" என்று கேட்கிற அளவுக்கு "எப்போது வலிக்கிறது" என்று நாங்கள் கேட்பதில்லை.

காலைத் தொட்டுப் பார்க்காமல், படத்தைக் கையில் வைத்துப் பார்க்காமல் இதுதான் நோய் என்று நான் எழுதக் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது ஒரு குறிப்பிட்ட நோயின் பக்கம் கை காட்டுகிறது. அதன் பெயர் ஆஸ்டியாய்ட் ஆஸ்டியோமா. இது எலும்புக்குள் வரும் ஒரு சின்னக் கட்டி. கேன்சர் கிடையாது. வேறு இடத்துக்குப் பரவாது, கேன்சராக மாறவும் மாறாது. ஹென்றி ஜாஃபி என்ற அமெரிக்க மருத்துவர் 1935-ல் இதைத் தனி நோயாக அடையாளம் காட்டினார். பத்து வயதிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவர்களுக்கு, அதிலும் ஆண் பிள்ளைகளுக்கு அதிகம் வரும். பெரும்பாலும் தொடை எலும்பிலும் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பிலும் வரும். பாதத்தில் வருவது குறைவு. பாதத்தில் வந்தால் அது விரும்பி உட்காரும் இடங்களில் ஒன்று டேலஸ், அதாவது கரண்டைக்காலுக்குள் குதிகால் எலும்பின் மேல் உட்கார்ந்திருக்கும் எலும்பு.

இந்தக் கட்டியின் நடுவில் நைடஸ் என்று ஒரு கரு இருக்கும். குறுக்களவு 1.5 சென்டிமீட்டரைத் தாண்டாது, பல நேரம் அதில் பாதிகூட இருக்காது. இத்தனை சிறியது இவ்வளவு வலியைத் தருவதற்குக் காரணம், அது புராஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருளை ஏராளமாகச் சுரக்கிறது. ஐபுபுரோஃபென், நாப்ராக்சென், டைக்ளோஃபினாக் மாதிரியான மாத்திரைகள் அந்தச் சுரப்பைத்தான் தடுக்கின்றன. அதனால்தான் உங்கள் மகனுக்கு அரை மணியில் வலி போகிறது. சுளுக்கு வலிக்கும் இந்த மாத்திரைகள் கேட்கும், ஆனால் எட்டு மாதமாக ஒவ்வொரு ராத்திரியும் எழுப்பிவிட்டு, மாத்திரை போட்டதும் சுவடில்லாமல் போகிற சுளுக்கை நான் பார்த்ததில்லை. ஓய்வெடுத்தால் சுளுக்கு குறைய வேண்டும். படுத்த பிறகு கூடுகிற வலியைச் சுளுக்குக் கணக்கில் எழுதக் கூடாது.

பிசகியதால் வந்தது என்று நீங்கள் நினைத்ததில் தப்பில்லை. கபடி ஆடுகிற பிள்ளைக்குக் கால் பிசகாத மாதம் ஏது? வலி தொடங்கிய நாளை யோசித்தால் பக்கத்தில் ஒரு அடியோ சறுக்கலோ நினைவுக்கு வந்துவிடும். மருத்துவர்களும் அதைப் பிடித்துக்கொள்வார்கள். இந்தக் கட்டி கண்டுபிடிக்கப்படாமல் மாதக்கணக்கில், சில பேருக்கு வருடக்கணக்கில் தள்ளிப் போவதற்கு அது ஒரு பெரிய காரணம்.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றது எப்படி? தொடை எலும்பில் இது வந்தால் சுற்றிலும் எலும்பு தடித்து வெள்ளையாகத் தெரியும், பார்த்ததும் சந்தேகம் வரும். டேலஸின் கழுத்துப் பகுதி மூட்டுச் சவ்வுக்குள் இருக்கிறது. அங்கே வந்தால் எலும்பு அப்படித் தடிப்பதில்லை. பாத எலும்புகள் வேறு படத்தில் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து மறைத்துக்கொள்ளும். ஆகவே சுத்தமான எக்ஸ்ரே என்பது இந்த நோய் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. மூட்டுக்குள் இருப்பதால் மூட்டும் வீங்கும், மடக்க வராது. அதைப் பார்த்து வாதம் என்று சொல்லி வைத்தியம் செய்வதும் நடக்கிறது.

எம்.ஆர்.ஐ. அறிக்கையைப் பார்த்துத்தான் நீங்கள் அதிகம் பயந்திருக்கிறீர்கள். இந்த ஒரு நோயில் எம்.ஆர்.ஐ. நம்மைக் குழப்பக்கூடியது. அடுப்படியில் ஒரு கொள்ளி கிடந்தாலும் புகை வீடு முழுக்க நிற்பதைப் போல, சின்னக் கருவைச் சுற்றி எலும்பு மஜ்ஜை முழுவதும் நீர்கோத்துத் தெரியும். படம் பார்ப்பவர் கண்ணுக்கு அந்தப் புகைதான் முதலில் படும். உடனே தொற்று, காசநோய், கட்டி என்று எல்லாச் சாத்தியங்களையும் எழுதிவிடுவார். அப்படி எழுதுவது அவர் கடமை. அந்த வரிசையில் கட்டி என்ற வார்த்தை இருப்பதால் உங்கள் மகனுக்குக் கேன்சர் என்று யாரும் சொல்லிவிடவில்லை.

இப்போது செய்ய வேண்டியது ஒரு சி.டி. ஸ்கேன். வலது கரண்டைக்காலுக்கு மட்டும், 1 மில்லிமீட்டர் அல்லது அதைவிட மெல்லிய வெட்டுகளாக எடுக்கச் சொல்லுங்கள். நைடஸைக் காட்டிக்கொடுப்பதில் சி.டி.தான் கெட்டிக்காரன். தடித்த வெட்டுகளாக எடுத்தால் இரண்டு வெட்டுக்கு நடுவில் அது நழுவிவிடும். மருத்துவர் எழுதும் சீட்டில் "ராத்திரி வலி, மாத்திரைக்குக் கேட்கிறது, டேலஸில் ஆஸ்டியாய்ட் ஆஸ்டியோமா இருக்கிறதா பாருங்கள்" என்று ஒரு வரி இருக்கட்டும். என்ன தேடுகிறோம் என்று தெரிந்து பார்க்கிற கண் வேறு, சும்மா பார்க்கிற கண் வேறு. ஊசி மருந்து ஏற்றத் தேவை இருக்காது. கதிர்வீச்சு பற்றிப் பயப்பட வேண்டாம். வயிறு, நெஞ்சு போன்ற இடங்களிலிருந்து கால் வெகுதூரம் தள்ளி இருக்கிறது, அளவும் குறைவு.

சி.டி.க்குப் போவதற்கு முன் ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வலி எத்தனை மணிக்கு வந்தது, என்ன மாத்திரை, எத்தனை மணிக்குப் போட்டான், எப்போது வலி விட்டது. தம்பியையே எழுதச் சொல்லுங்கள். பாதத்தில் ஒரே விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரு வலிக்கிற புள்ளி இருக்கிறதா, இரண்டு கெண்டைக்காலையும் சேர்த்துப் பார்த்தால் வலது பக்கம் மெலிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நாள்பட்ட வலியில் பிள்ளைகள் அந்தக் காலுக்குப் பாரம் கொடுக்காமலே நடந்து சதை வற்றிப்போயிருக்கும்.

மாத்திரையைப் பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அட்டையிலிருந்து கத்தரித்து, பேர் தெரியாமல் நான்கைந்து சேர்த்துக் கொடுக்கிற "செட் மாத்திரை" வாங்குகிறீர்கள் என்றால் இன்றோடு நிறுத்துங்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். கிருமித் தொற்றோ காசநோயோ இருந்தால் அது நோயை மூடி மறைத்து உள்ளே வளர்த்துவிடும். மருத்துவர் பேர் எழுதிக் கொடுத்த ஒரே மாத்திரையை, சாப்பிட்ட பிறகு, அவர் சொன்ன அளவில் கொடுங்கள். ஆஸ்பிரின் இந்த வயதில் வேண்டாம். காய்ச்சல் வந்தால் எந்த வலி மாத்திரையும் கூடாது, பாராசிட்டமால் மட்டும்தான். மழைக்காலத்தில் நம் பக்கம் டெங்கு வருகிறது, டெங்குவில் இந்த மாத்திரைகள் ரத்தக்கசிவை உண்டாக்கும்.

காசநோய் மாத்திரைக்கு வருகிறேன். அந்த டாக்டர் காசநோயை நினைத்தது சரிதான். நம் நாட்டில் எலும்புக் காசநோய் உண்டு, பாதத்திலும் வரும், தொடக்கத்தில் வெறும் வலியும் வீக்கமுமாகத்தான் இருக்கும். மூட்டுக் காசநோயில்கூடப் பிள்ளைகள் ராத்திரி அலறி எழுவதுண்டு. ஆகவே ராத்திரி வலி ஒன்றை மட்டும் வைத்துக் காசநோயைத் தள்ளிவிட முடியாது. ஆனால் "தொடங்கிப் பார்க்கலாம்" என்பதில் எனக்கு உடன்பாடில்லை. எலும்புக் காசநோய்க்கு ஒரு வருடமாவது மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மருந்துகள் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. காசநோய் என்று நிரூபணமானால் அத்தனையும் தயங்காமல் சாப்பிட வேண்டியதுதான், குணமாகிற நோய், அரசு மருந்தை இலவசமாகத் தருகிறது. நிரூபிக்காமல் தொடங்கினால், ஆறு மாதம் கழித்து வலி குறையாதபோது, நோய் தப்பா, மருந்து கேட்கவில்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் சி.டி. பாருங்கள். அதில் கரு தெளிவாகத் தெரியவில்லை, அல்லது எலும்பு அரித்துத் தெரிகிறது, மூட்டு இடைவெளி குறைந்திருக்கிறது என்றால், அந்த இடத்திலிருந்து ஊசியால் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும்.

அப்படிச் சதை எடுக்கும் நாளில் நீங்கள் கேட்டு உறுதி செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. எடுத்த எல்லாவற்றையும், சதையைக் கெடாமல் வைத்துக் கிருமியைக் கொல்லும் ஃபார்மலின் புட்டியில் போட்டுவிட்டால் கிருமி வளர்த்துப் பார்க்க முடியாது. ஒரு பகுதி ஃபார்மலினில், சதையை நுண்ணோக்கியில் பார்க்கும் நோய்க்குறியியல் பிரிவுக்குப் போக வேண்டும், இன்னொரு பகுதி வெறும் சலைனில் கிருமிச் சோதனைக்கும், காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனைக்கும் போக வேண்டும். சின்ன விஷயம்தான், ஆனால் அவசரத்தில் இது விட்டுப்போனால் மறுபடியும் பையனை மேசையில் படுக்க வைக்க வேண்டியிருக்கும். சதையோடு எக்ஸ்ரே, சி.டி. படங்களும் நோய்க்குறியியல் மருத்துவரிடம் போகட்டும். எலும்புக் கட்டியில் படத்தைப் பார்க்காமல் நுண்ணோக்கியை மட்டும் பார்த்துச் சொல்வது ஆபத்து. பாத எலும்புகளில் அது இன்னும் ஆபத்து, ஏனென்றால் இங்கே கேன்சர் இல்லாத வளர்ச்சிகள்கூட நுண்ணோக்கியில் கேன்சரைப் போலக் காட்டும். எலும்பின் மேல்பரப்பில் முளைக்கும் நோரா கட்டி என்று ஒன்று, 1983-ல் விவரிக்கப்பட்டது, கை கால் விரல்களில் வருவது. அதைப் பார்த்துவிட்டுக் கேன்சர் என்று எழுதப்பட்ட அறிக்கைகள் உண்டு. அறிக்கையில் பெரிய பேர் எதுவும் வந்தால், முடிவெடுப்பதற்கு முன் சதையை வைத்துப் பார்த்த கண்ணாடித் தகடுகளை வாங்கி இன்னொரு மருத்துவக் கல்லூரியில் காட்டுங்கள். அது உங்கள் உரிமை. சதை எடுப்பவரும் பிறகு அறுவை செய்யப்போகிறவரும் ஒரே ஆளாக, அல்லது ஒரே குழுவாக இருப்பது நல்லது. ஊசி போகிற பாதை தப்பாகிவிட்டால் பிறகு செய்யும் அறுவையைக் கெடுத்துவிடும்.

சரி, சி.டி.யில் நைடஸ் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கருவைப் போலவே தோன்றுகிற ஒன்று இருக்கிறது, பிராடி சீழ்க்கட்டி. எலும்புக்குள் அடங்கிக் கிடக்கும் பழைய கிருமித் தொற்று. அதுவும் வட்டமாக இருக்கும், ராத்திரி வலிக்கும். படத்தை நிதானமாகப் படிக்கும் ரேடியாலஜிஸ்ட் பெரும்பாலும் பிரித்துவிடுவார். மிச்சச் சந்தேகம் இருந்தால் சிகிச்சையின்போதே அதே ஊசிக் குழாய் வழியாகத் துளி சதை எடுத்து அனுப்பிவிடலாம்.

ஆஸ்டியாய்ட் ஆஸ்டியோமா என்றால் இன்றைக்குச் செய்வது ரேடியோ அலைச் சூட்டு முறை. மயக்கம் கொடுத்து, சி.டி. படத்தைப் பார்த்தபடியே தோல் வழியாக மெல்லிய ஊசியைக் கருவுக்குள் செலுத்தி, அதன் முனையைச் சுமார் 90 டிகிரி செல்சியஸுக்குச் சில நிமிடங்கள் சூடாக்குவார்கள். கரு வெந்துவிடும். அடுத்த நாளே வீட்டுக்கு வந்துவிடலாம். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஒரே தடவையில் வலி போகிறது. எட்டு மாதம் தூங்காத பிள்ளை அந்த வாரமே முழு ராத்திரி தூங்குவதைப் பார்க்கும் பெற்றோரின் முகம் எனக்குப் பிடித்த காட்சி. ஆனால் பாதத்தில் ஒரு எச்சரிக்கை உண்டு. தோல், நரம்பு, மூட்டுக் குருத்தெலும்பு எல்லாம் மிக அருகில் இருக்கின்றன, சூடு அவற்றில் படக் கூடாது. கரு மூட்டை ஒட்டி இருந்தால் சின்னக் கேமரா வழியாகவோ சிறு திறப்பு வழியாகவோ சுரண்டி எடுப்பதே பாதுகாப்பு என்று உங்கள் மருத்துவர் சொல்லலாம். அதுவும் நல்ல வழிதான். ஒன்றுமே செய்யாமல் மாத்திரையிலேயே சில வருடங்கள் ஓட்டினால் இந்தக் கட்டி தானாக அடங்குவதும் உண்டு. ஆனால் தினம் மாத்திரை போட்டால் வயிறும் சிறுநீரகமும் என்ன ஆகும்? படிக்கிற பிள்ளைக்கு அந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

கபடி இப்போதைக்கு வேண்டாம். சி.டி. முடிந்து பெயர் தெரிகிற வரை பள்ளிக்குப் போகலாம், நடக்கலாம், குதிக்கவோ ஓடவோ கூடாது. ஊசி முறை செய்தாலும் எலும்பில் போட்ட துளை அடைந்து வரச் சில வாரங்களாவது ஆட்டம் நிறுத்த வேண்டியிருக்கும். நீவுவது, உருவுவது, இறுக்கிக் கட்டுவது, சூடு வைப்பது எதுவும் இனிமேல் வேண்டாம். தடவியதால் கட்டி வந்துவிடவில்லை, அதை நினைத்து மனசைப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள். பெயர் தெரியாத எலும்பு வீக்கத்தின் மேல் கை வைத்து அழுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சில சொல்கிறேன், பாத எலும்பில் வருவதெல்லாம் இந்தக் கட்டி இல்லை. குதிகால் வலிக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது குதிகால் எலும்புக்குள் கறுப்பாக ஒரு முக்கோணம் தெரிந்து, "எலும்பில் ஓட்டை" என்று பதறி வருகிறவர்கள் நிறைய. அந்த இடத்தில் எலும்பு இயல்பாகவே அடர்த்தி குறைவு. நிஜமாகவே நீர்ப்பையோ கொழுப்புக் கட்டியோ இருந்தாலும் பல நேரம் சும்மா விட்டுவிடலாம். காலையில் முதல் அடி வைக்கும்போது குத்தி, நடக்க நடக்கக் குறைகிற வலி பெரும்பாலும் உள்ளங்கால் சவ்வு வலி. அதற்காக அந்த நீர்ப்பையை அறுக்க வேண்டாம்.

கட்டைவிரல் நகம் தூக்கிக்கொண்டு வருகிறது, நகச்சுத்தி என்று இரண்டு மூன்று தடவை நகத்தைப் பிடுங்கியாயிற்று, திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அடுத்த தடவை பிடுங்குவதற்கு முன் பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுங்கள். நகத்துக்கு அடியில் எலும்பு முளைத்திருக்கும். இளவயதுப் பிள்ளைகளுக்கு வருவது. அந்த முளையை எடுத்தால் முடிந்தது.

தேரிக்காட்டிலும் வயலிலும் செருப்பில்லாமல் நடக்கிறவர்களுக்கு இன்னொன்று. உடை முள்ளோ சீமைக்கருவேல முள்ளோ குத்தி, மேலே ஆறி, குத்தியதே மறந்துபோயிருக்கும். மாதங்கள் கழித்து எலும்பை ஒட்டி வீக்கம் வரும், எக்ஸ்ரேயில் எலும்பு அரித்தது போலவும் தடித்தது போலவும் தெரியும், கட்டியென்றே தோன்றும். முள் எக்ஸ்ரேயில் தெரியாது. அல்ட்ராசவுண்டில் தெரியும். வலியே அதிகம் இல்லாமல் பாதம் பருத்துக்கொண்டே போய், புரைகள் விழுந்து, கடுகு கடுகாகக் குருணை வெளியே வந்தால் அது மதுரைப் பாதம். 1842-ல் மதுரையில் பார்த்து எழுதப்பட்டதால் உலகம் முழுக்க அதற்கு அந்தப் பெயர். அது கிருமி நோய், கட்டி இல்லை. அந்தக் குருணையைச் சோதித்தால் என்ன மருந்து என்று தெரிந்துவிடும்.

வளர்ச்சி முடிந்த வயதில், 20-லிருந்து 40-க்குள், பாத எலும்பு ஊதிப் பெருத்தால் ராட்சதச் செல் கட்டியாக இருக்கலாம். கேன்சர் வகையில் சேராது, ஆனால் எலும்பைத் தின்றுவிடும், சுரண்டிய பிறகும் திரும்ப வரும், அபூர்வமாக நுரையீரலில் தென்படும். அதனால் நெஞ்சுப் படமும் எடுப்பார்கள். ரத்தம் நிறைந்த நீர்ப்பை மாதிரியான கட்டி ஒன்று உண்டு, படத்தில் அதே தோற்றத்தில் வருகிற கேன்சரும் உண்டு. இவற்றில் சதைச் சோதனை இல்லாமல் கத்தியை எடுக்கவே கூடாது. "சின்னக் கட்டிதான், எடுத்துப் போட்டுவிடலாம்" என்று யாராவது சொன்னால், முதலில் அதன் பெயர் என்ன என்று கேளுங்கள்.

அம்மா, கேன்சர் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். எட்டு மாதமாக அதே இடத்தில், அதே அளவில், மாத்திரைக்கு அடங்குகிற வலி என்பது ஆறுதலான அறிகுறி. வீக்கம் வாரத்துக்கு வாரம் பெருகுகிறது, மாத்திரைக்கு வலி அடங்குவது நின்றுபோகிறது, விட்டுவிட்டுக் காய்ச்சல் வருகிறது, உடம்பு இளைக்கிறது என்றால் முறைக்காகக் காத்திருக்காமல் அந்த வாரமே போய்விடுங்கள். காலை எடுப்பது பற்றிச் சொந்தக்காரர்கள் பேசுவதைத் தம்பி காதில் விழவிடாதீர்கள். அந்த வயதுப் பிள்ளை ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாக உட்கார்ந்து என்ன நினைப்பான்?

பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்புப் பிரிவுக்குக் காலையிலேயே போங்கள். பழைய எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. படங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், அறிக்கைத் தாள் மட்டும் போதாது, படமும் குறுந்தகடும் வேண்டும். வலி எழுதிய நோட்டு, சாப்பிட்ட மாத்திரைகளின் காலி அட்டை, குடும்ப அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இவையும் இருக்கட்டும். காப்பீட்டு அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்றுக்கு இப்போதே சொல்லிவையுங்கள். ஊசி முறை எல்லா இடத்திலும் செய்வதில்லை, மதுரைக்கோ வேலூருக்கோ போக வேண்டி வரலாம். அந்த மருத்துவமனையில் அட்டை இந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா என்று புறப்படும் முன் காப்பீட்டு மேசையில் கேட்டுக்கொள்ளுங்கள். சி.டி. அறிக்கை கைக்கு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.